மணமாகாத தந்தை நான். மகளைக் காக்க வழி சொல்லுங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். மகளுக்கு 4 வயது. அவள் தாயும் நானும் மணம் செய்துகொள்ளவில்லை. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இல்லை. குறுவை நடவின்போது அவர் வேறொருவருடன் வாழப் போனார். அதன்பின் பிள்ளையின் முதுகிலும் தொடையிலும் பிரம்புத் தழும்புகள். பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னேன். வந்து விசாரித்தார்கள், அந்த ஆள் எதிரில் நின்றதால் குழந்தை வாய் திறக்கவில்லை. காவல் நிலையத்தில், "நீ அப்பன் என்பதற்குக் காகிதம் எங்கே?" என்றார்கள். தழும்புகளின் படங்களும் பிரசவச் செலவு ரசீதுகளும் கையில் உள்ளன. 1956-ஆம் ஆண்டு இந்துக் காப்பாளர் சட்டப்படி தாய்க்குப் பிறகே எனக்கு உரிமை என்பது தெரியும். என்னிடமே தர வேண்டும் என்றில்லை, அவள் பாட்டியிடம் இருந்தாலும் போதும். அடி விழக் கூடாது.

1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் மற்றும் காப்புச் சிறார் சட்டத்தின்கீழ் (Guardians and Wards Act) மரபணுச் சோதனையையும் இடைக்காலப் பாதுகாப்பையும் ஒரே மனுவில் கேட்க முடியுமா?