மதிப்பீட்டுப் படிவத்தில் ‘ஈடுபாடு குறைவு’ என்று எழுதியது என் பார்வையின் பிழையா?

ஷிப்ட் சூப்பர்வைசர், ஓசூர்:

அனைவருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்களைக் கடையும் ஒரு தொழிற்சாலையில், கணினியால் இயங்கும் மெஷின்கள் உள்ள சி.என்.சி. பிரிவில் பணியாற்றுகிறேன். என் ஷிப்டில் உள்ள 14 பேருக்கும் ஆண்டுதோறும் மதிப்பீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்ப வேண்டும்.

அவர்களில் ஒருவர் தளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறார். ஷிப்ட் தொடங்குவதற்கு முன் நடக்கும் பத்து நிமிட மீட்டிங்கில் கடைசியில் நிற்பார். எது கேட்டாலும் “சரிங்க மேடம்” என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. ‘ஈடுபாடு’ என்ற கட்டத்தில் இரண்டு ஆண்டுகளாக அவருக்கு 5க்கு 2 கொடுத்திருக்கிறேன். முன்னால் நின்று உற்சாகமாகப் பேசும் இன்னொருவருக்கு 4 கொடுத்தேன்.

சென்ற மாதம் கேன்டீனில், புதிதாகச் சேர்ந்த மூன்று பையன்களுக்கு, இன்செர்ட் (மெஷினில் உலோகத்தை வெட்டும் சிறு முனை) தேயும்போது துளையின் அளவு எப்படி மாறுகிறது என்பதை டம்ளரையும் ஸ்பூனையும் வைத்து அவர் கன்னடத்தில் விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்படிப்பட்ட குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. மறுநாள் ரிஜெக்‌ஷன் பதிவேட்டைப் புரட்டியபோது, எங்கள் ஷிப்டிலேயே மிகக் குறைவாகக் கழிவு வரும் மெஷின் அவருடையது என்று தெரிந்தது. அந்தப் பதிவேடு இரண்டு ஆண்டுகளும் என் மேசையில்தான் இருந்தது.

அவருடைய குணம் என்று நான் எழுதியது குணம்தானா, அல்லது தமிழில் நடக்கும் ஒரு கூட்டத்தில் அவர் நின்ற விதம் மட்டுமா? அடுத்த வாரம் படிவம் கொடுக்க வேண்டும். இம்முறை எப்படி எழுதுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பணியாளர் அலுவலர், தருமபுரி:

அம்மா, நீங்கள் கேட்பது நான் வேலையில் இருந்த காலமெல்லாம் என்னை உறுத்திய கேள்வி. என் முதல் ஆண்டில், பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளிக்கு, ஒரே மாதத்தில் 9 நாள் தாமதம் என்று மெமோ கொடுத்தேன். கோப்பில் ‘பொறுப்பின்மை’ என்றும் எழுதினேன். அதே வழித்தடத்தில் வரும் மற்ற இருவரும் ஏறக்குறைய அதே நாட்களில் தாமதமாக வந்திருப்பதை மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டியபோதுதான் கண்டேன். முதல் பேருந்து நேரத்துக்கு வராததுதான் காரணம். நான் தாமதமாகப் போன நாட்களில் பேருந்தைத்தான் காரணம் சொன்னேன். அவர் தாமதமாக வந்தபோது மட்டும் அவருடைய குணத்தைக் காரணம் சொன்னேன்.

உளவியலில் இதற்குப் பெயர் உண்டு. மற்றவருடைய செயலுக்கு அவர் இயல்பை மிகையாகவும், அவர் இருந்த சூழலைக் குறைவாகவும் காரணம் காட்டும் பழக்கத்தை, உளவியலாளர் லீ ராஸ் 1977ஆம் ஆண்டில் ‘அடிப்படைக் காரணம் கற்பிக்கும் பிழை’ என்று பொருள்படும் பெயரால் குறிப்பிட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஹரால்டு கெல்லி என்ற உளவியலாளர், ஒருவரின் செயலுக்குக் காரணம் தேடுகையில் மனம் மூன்று செய்திகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது என்று விளக்கியிருந்தார். அந்த மூன்றையும் உங்கள் தொழிலாளிக்கு வைத்துப் பாருங்கள்.

அதே சூழலில் மற்றவர்களும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்களா என்பது முதலாவது. உங்கள் ஷிப்டில் கன்னடமோ தெலுங்கோ வீட்டில் பேசுகிற மற்றவர்கள் அந்தக் கூட்டத்தில் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களும் வாய் திறப்பதில்லை என்றால், மௌனம் ஒருவருடைய குணம் அல்ல, கூட்டத்தின் அமைப்பு. அவர் எல்லா இடத்திலும் அப்படி இருக்கிறாரா என்பது இரண்டாவது; கேன்டீனில் நீங்கள் கண்ட காட்சியே இதற்கு விடை சொல்லிவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் அப்படியே இருக்கிறாரா என்பது மூன்றாவது. பெரும்பாலான மேலாளர்கள் இதை மட்டும் பார்த்துவிட்டு, “இரண்டு வருஷமாகவே இப்படித்தான்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரே மீட்டிங்கில் ஒருவரை ஐந்நூறு முறை பார்த்தாலும், அது ஒரே சூழலில் பார்த்தது மட்டும்தான்.

நிறுவன உளவியல் கற்பிப்பவர், கிருஷ்ணகிரி:

ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் சூழலின் மேல் போட்டுவிடக் கூடாது என்றும் வலியுறுத்த விரும்புகிறேன். குணவேறுபாடு உண்மையாகவே இருக்கிறது. அது வேலையையும் பாதிக்கிறது. பாரிக், மவுண்ட் ஆகிய இரு ஆய்வாளர்களும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 1991இல் ஆராய்ந்தபோது, மனிதரின் ஆளுமையை உளவியல் பகுக்கும் ஐந்து பெருங்குணங்களுள் கருத்தாகவும் ஒழுங்காகவும் செயல்படும் இயல்பு ஒன்றுதான், அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லா வகைத் தொழில்களிலும் வேலைத் திறனோடு தொடர்புடையதாக இருந்தது. கலகலப்பாகப் பழகும் இயல்பு, மேலாளர்களுக்கும் விற்பனையில் இருப்பவர்களுக்கும்தான் கைகொடுத்தது. உங்கள் தொழிலாளியின் குறைந்த கழிவு அந்த முதல் இயல்புக்குச் சான்றாகலாம். உங்கள் படிவமோ இரண்டாவது இயல்பைத் தேடி, அது கிடைக்காததால் முதலாவதும் இல்லை என்று முடிவு செய்திருக்கிறது.

இன்னொன்று, இது படிவத்தையே பற்றியது. தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920இல் ராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் என்று தனித்தனியாகக் கேட்டிருந்தும், அவை நம்பத் தகாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டியே சென்றன. ஒரு கட்டத்தில் விழுந்த எண்ணம் மற்றக் கட்டங்களுக்கும் கசிந்திருந்தது. ஆகவே அவருக்கு நீங்கள் கொடுத்த மற்ற மதிப்பெண்களையும் எடுத்துப் பாருங்கள். அவருக்கு மட்டுமல்ல, 4 பெற்ற அந்த மற்றவருக்கும். 14 படிவங்களை ஒவ்வொன்றாக நிரப்பாமல், ஒரு கட்டத்தை 14 பேருக்கும் முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் இந்தக் கசிவு ஓரளவு குறையும்.

மெஷின் ஆபரேட்டர், தேன்கனிக்கோட்டை:

மேடம், நான் வேறு தொழிற்சாலை. எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். தமிழ் நன்றாகவே தெரியும், இங்கே எழுதுகிறேன் அல்லவா. ஆனால் பலர் முன்னால் வேகமாகப் பேசும்போது, ஒரு சொல் தவறினால் சிரிப்பார்களோ என்ற எண்ணத்தில் வாய் அடைத்துவிடும். அப்படி அமைதியாக இருந்ததற்காக எனக்குத் ‘திமிர்’ என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் காதில் விழுந்த பிறகு, தெரிந்ததைக்கூடச் சொல்லாமல் விட்டேன். அப்போது அந்தப் பெயர் உண்மை போலவே ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்துத் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று போனில் எதையோ குறிப்பார். எங்களைக் காட்டிக்கொடுக்கிறார் என்றே ஓராண்டு நம்பினோம். பழைய மெஷின்கள் எத்தனை முறை நிற்கின்றன என்று கணக்கெடுத்து, மாற்றித் தரும்படி மேலே எழுதிக்கொண்டிருந்தார் என்பது புது மெஷின் வந்தபோதுதான் தெரிந்தது. இரு பக்கமும் கேட்கவில்லை.

ஷிப்ட் சூப்பர்வைசர், ஓசூர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று எண்ணிப் பார்த்தேன், ஐயா. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் 5 பேர் இருக்கிறார்கள். கடந்த இரண்டு வாரக் கூட்டங்களில் அவர்களில் ஒருவர் மட்டுமே தானாகப் பேசியதாக எனக்கு நினைவிருக்கிறது. பேராசிரியர் சொன்னபடி பழைய படிவங்களையும் எடுத்தேன். ‘புதிதாகக் கற்கும் ஆர்வம்’ என்ற கட்டத்திலும் அவருக்கு 2 என்றே எழுதியிருக்கிறேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

தேன்கனிக்கோட்டைத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, இன்று காலை மெஷினருகே போய் அவரிடமே கேட்டேன்: புதிய பையன்களுக்கு கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்கிறீர்களா, எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று. சற்று நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய கேஜ்களில் இரண்டு தேய்ந்துவிட்டன, அவற்றை முதலில் மாற்றித் தர வேண்டும் என்றார். இரண்டையும் அளவுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டேன்.