புதுப்பிப்பு: தீபாவளியைத் தாண்டிவிட்டான் மணி

வெடிச்சத்தம் கேட்டாலே தெருவுக்கு ஓடிவிடும் எங்கள் நாய் மணியைத் தீபாவளிக்கு எப்படிச் சமாளிப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பையன் பத்திரம்.

தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6–7, இரவு 7–8. எங்கள் தெருவில் அதை யார் பார்த்தார்கள்? நாலரைக்கே சரவெடி. நல்லவேளை, முந்தின நாளே நடு அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, அம்மாவின் பழைய சேலையை விரித்திருந்தேன். அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நடுங்கினான், ஆனால் ஓடவில்லை. வெளியே கூட்டிப்போவதைச் சாயங்காலம் ஐந்துக்குள் முடித்துக்கொண்டோம். கழுத்துப்பட்டையில் என் போன் நம்பர்.

தூக்க மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னதை மட்டும் செய்யவில்லை. மனுஷ மாத்திரை வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர்.

வம்பு லட்டில்தான் வந்தது. தரையில் வைத்த தட்டிலிருந்து இரண்டைக் கவ்விவிட்டான். லட்டில் உலர்திராட்சை, நாயின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. உடனே ஆட்டோ பிடித்து ஓடினோம். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். அப்புறம் பார்த்த ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது.

இப்போது சேலையைத்தான் திருப்பித் தர மறுக்கிறான்.