ஆஸ்கர் வாங்கிய படத்தை எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை: இது கருத்துச் சுதந்திரப் பிரச்சினையா?

குடந்தை மாலதி:
பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் மசாஃபர் யட்டா கிராமங்களின் வீடுகளை இஸ்ரேல் ராணுவம் இடிப்பதைக் காட்டும் ‘நோ அதர் லேண்ட்’, 2025 மார்ச்சில் சிறந்த ஆவணப்பட ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அமெரிக்காவில் பெரிய விநியோகஸ்தர் யாரும் எடுக்கவில்லை. படக்குழுவே ஏற்பாடு செய்து தியேட்டர்களில் வெளியிட்டது. “வியாபாரி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இதில் சுதந்திரம் எங்கே வந்தது?” என்கிறான் என் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

கறுப்புக் கோட்டு:
சட்டப்படி உங்கள் தம்பி சொல்வது சரி. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமும், நம் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவும் அரசின் கையைத்தான் கட்டுகின்றன. கம்பெனியின் கையை அல்ல.

பழைய பெட்டி:
சட்டம் சரி. நான் மதுரையில் ஒரு விநியோகஸ்தர் ஆபீஸில் கணக்கு எழுதியவன். அங்கே யாரும் ஒரு படத்தை வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை. “பார்த்துட்டுச் சொல்றோம்” என்பார்கள். அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். தயாரிப்பாளர் வாசல் பெஞ்சில் காபி குடித்துவிட்டுப் போவார். படம் ஓடாது என்ற பயமா, மேலிடத்துப் பயமா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

2004-ல் டிஸ்னி நேராகவே மறுத்தது. அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ்ஷை விளாசிய மைக்கேல் மூரின் ‘ஃபாரன்ஹீட் 9/11’ படத்துக்குப் பணம் போட்டது டிஸ்னியின் கீழிருந்த மிராமாக்ஸ். வெளியிடக் கூடாது என்றது டிஸ்னி. மிராமாக்ஸை நடத்திய வைன்ஸ்டீன் சகோதரர்கள் உரிமையை வாங்கி, லயன்ஸ் கேட் போன்ற கம்பெனிகள் மூலம் வெளியே கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 11.9 கோடி டாலர் வசூல்! அந்த மறுப்பைவிட நல்ல போஸ்டர் கிடைக்குமா? ஆனால் எடுக்க வேறு ஆள் இருந்ததால்தான் அது நடந்தது. மாலதி சொல்லும் படத்துக்கு யாரும் மறுப்பே சொல்லவில்லை. எடுக்காத போனை எதிர்த்து எங்கே போய் மனு கொடுப்பது?

கடற்கரைக் காற்று:
அமெரிக்காவின் மியாமி பீச் நகரை விட்டுவிட்டீர்களே. நகராட்சிக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் ‘ஓ சினிமா’ தியேட்டர் ‘நோ அதர் லேண்ட்’ படத்தைப் போட்டது. குத்தகையை ரத்து செய், மானியத்தை நிறுத்து என்று மேயர் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ். அங்கே முதல் திருத்தம் வேலை செய்யும், ஏனென்றால் மிரட்டியது அரசு.

குடந்தை மாலதி:
அப்படியென்றால் ‘அன்னபூரணி’? சான்றிதழ் வாங்கித் தியேட்டரில் ஓடிய படம். நெட்ஃபிளிக்ஸில் வந்தபின் மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று புகார், 2024 ஜனவரியில் தூக்கிவிட்டார்கள். யார் மேல் வழக்குப் போடுவது?

கறுப்புக் கோட்டு:
பார்வையாளராக நீங்கள் யார் மேலும் போட முடியாது. தயாரிப்பில் இருந்த ஜீ ஸ்டுடியோஸே மன்னிப்புக் கடிதம் கொடுத்து எடுக்க ஒத்துக்கொண்டது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில், கலவரம் வரும் என்று பயந்து அரசு ஒரு படத்தை நிறுத்தக் கூடாது என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது அரசுக்குச் சொன்னது. பயப்படுகிற கம்பெனியிடம் அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் நீட்ட முடியாது.