தண்டையார்பேட்டை வீட்டுக்கு எந்த நெட்: கேபிள்காரர் லைனா, ஃபைபரா, ஏர்ஃபைபரா?

கேள்வி
தண்டையார்பேட்டையில் பழைய கட்டடம், இரண்டாவது மாடி. கேபிள்காரர் மொட்டை மாடி வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்கு லேன் வயர் என்கிறார். இன்னொரு கம்பெனி ஃபைபரையே வீட்டுக்குள் இழுத்துத் தருமாம். டவரிலிருந்து வயரில்லாமல் வரும் 5ஜி ஏர்ஃபைபரும் கிடைக்கிறது. இருவருக்கு வீடியோ மீட்டிங், பையனுக்கு ஆன்லைன் கேம். சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்கணும். கரன்ட் போனாலும் நெட் நிற்கக் கூடாது. எதை எடுக்கலாம்?

பதில் 1
வீட்டுக்குள் வரும் ஃபைபரையே எடுங்க. எக்ஸ்சேஞ்சுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு (ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிப்பது) கரன்டே தேவையில்லை. கேபிள்காரர் லைனில் மொட்டை மாடி சுவிட்சுக்குக் கரன்ட் வேணும். அது அணைந்தால் உங்க வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியும் பிரயோஜனம் இல்லை. இடி இடிச்சா அந்தக் காப்பர் வயர் வழியாவே ரவுட்டர் போர்ட் போகும். கடல் பக்கத்து உப்புக்காத்துக்கு லேன் வயர் முனையின் ஆர்ஜே45 பின்னும் சீக்கிரம் பச்சை பூக்கும்.

ஃபைபர் போட வரும் ஆளிடம், வயரில் வரும் வெளிச்சத்தின் அளவைப் பவர் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்க. -15 முதல் -25 டிபிஎம் வரை நல்லது. -27-க்கும் கீழே (-28, -29 என) போனால் விட்டு விட்டுத்தான் வரும்; ஜாயின்ட்டை மறுபடி ஸ்ப்ளைஸ் பண்ணாமல் (உருக்கி ஒட்டாமல்) கையெழுத்துப் போடாதீங்க. வயரை ஜன்னல் கதவிடுக்கில் நசுங்க விடக் கூடாது, மூலையில் சுருக்கென்று மடக்கவும் கூடாது. பச்சை கனெக்டரின் முனையில் விரல் படக் கூடாது.

பின்னாளில் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். அப்போ ரீசெட் பட்டனை மட்டும் அமுக்காதீங்க. செட்டிங் அழிஞ்சுபோய், வயரைச் சரிசெய்த பிறகும் நெட் வராது.

பதில் 2
மேலே சொன்னதே என் கருத்தும். ஹவுஸ் ஓனர் வயர் இழுக்க விடாத இடத்துக்கு ஏர்ஃபைபர் நல்ல வழி. ஆனால் சாயங்காலம் டவரில் கூட்டம் ஏறினா பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எகிறும், கேமில் அது உடனே தெரியும்.

சிசிடிவிக்கு ஒரு எச்சரிக்கை: வீட்டு பிளான்களில் பெரும்பாலும் ஒரே பொது ஐபியை (இணைய முகவரி) பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத்தான் தருவார்கள், ஃபைபரிலும்தான். அதனால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர ரவுட்டரில் வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எடுபடாது. தனி ஸ்டாடிக் ஐபிக்குப் பணம் கட்டணும். இல்லையென்றால் டிவிஆரிலேயே (கேமரா பதிவுப் பெட்டி) பொது ஐபி இல்லாமலே இணைக்கும் பி2பி வசதியை ஆன் பண்ணி ஆப்பில் பாருங்க.

கேட்டவர்
ரொம்ப நன்றி. ஃபைபரே போடுறேன். மினி யுபிஎஸ் எந்த அளவு வாங்கணும்? சுவரெல்லாம் தடிப்பு, வைஃபை உள் அறைக்கு வருமா?

பதில் 1
ஃபைபர் பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்க. 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்று இருந்தால், யுபிஎஸ்ஸும் அதே 12 வோல்ட், ஆம்பியர் 1.5 அல்லது அதுக்கு மேல். பின் அளவும் பொருந்தணும். தனி ரவுட்டர் வைத்தால் அதுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

பெட்டியை வாசல் ஓரமாக மாட்ட விடாமல் வீட்டு நடுவில் வைக்கச் சொல்லுங்க. தடிச்ச சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சரியாகத் தாண்டாது. உள் அறைக்கு முழுக் காப்பர் கேட்6 வயர் ஒன்று இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (வைஃபையை மட்டும் பரப்பும்படி) போடுங்க. அலுமினியத்துக்கு மேல் காப்பர் பூசின வயரைக் கடையில் மலிவாகத் தருவார்கள், வாங்காதீங்க.