மலையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி: தெர்மோஸ்டாட் அனுபவங்கள்

ஊட்டியிலிருந்து

கோவையில் செட் பண்ணிக் கொண்டுவந்த பெட்டியை, தெர்மோஸ்டாட்டின் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) திருகை அதே நிலையில் வைத்து ஓட்டாதீர்கள். பழைய பெட்டிகளின் தெர்மோஸ்டாட்டில் வரும், ஈதர் அடைத்த உலோக வில்லை சூட்டுக்கு மட்டுமல்ல, காற்றழுத்தம் குறைந்தாலும் உப்பும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். வில்லை முன்கூட்டியே உப்பி மைக்ரோசுவிட்சைத் தட்டிவிடும், முட்டை சூடேறும் முன்பே சூடு தரும் பல்பு அணையும். முட்டை அடுக்குமுன் ஒரு நாள் வெறும் பெட்டியை ஓட்டி, திருகைக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் சூடு அளக்கும் சென்சாரைக் கொதிநீரில் விட்டு நூறு காட்டுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃபிளாஸ்கில் 38 டிகிரி வெந்நீர் எடுத்து, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையையும் சென்சாரையும் ரப்பர் போட்டுச் சேர்த்து இறக்குங்கள். பீப் அடித்தவுடன் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கணும். அந்தத் தெர்மாமீட்டர் உச்ச அளவையே பிடித்து வைத்திருக்கும், தாமதித்தால் கணக்கு தப்பும்.

கோத்தகிரியிலிருந்து

ஊட்டி அண்ணா சொன்னபடி தெர்மாமீட்டருக்கும் சென்சாருக்கும் தெரிந்த வித்தியாசத்தை, டபிள்யூ-1209 என்ற டிஜிட்டல் தெர்மோஸ்டாட் போர்டில் திருத்தத்துக்கான பி-4 அமைப்பில் ஏற்றுங்கள். சென்சார் 0.6 குறைவாகக் காட்டினால் அங்கே 0.6 கூட்டணும். போர்டு புதிதாக வரும்போது குளிரூட்டும் முறையில் இருக்கும்; பி-0வை ‘எச்’ (சூடாக்கும் முறை) ஆக்காவிட்டால் சூடு ஏறஏறப் பல்பு எரியும். பி-1ல் பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் இடையே 2 டிகிரி இடைவெளி இருக்கும், அதை 0.3 ஆக்குங்கள். 0.1 வேண்டாம். அரை நிமிடத்துக்கு ஒரு சொடுக்கு என்றாலே 21 நாளில் அறுபதாயிரம் தாண்டும், பல்பை எரித்து அணைக்கும் ரிலேயின் தொடுமுனை கருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பல்பு அணையாது, கரு வெந்துவிடும்.

பல்பு 40 வாட்டில் இரண்டு, பேரலலாக. ஒன்று ஃபியூஸ் போனாலும் உறைபனி இரவில் மற்றது தாங்கும்.

கொடைக்கானலிலிருந்து

ரிலே ஒட்டுவதற்கு ஒரே காவல், பல்பு லைனில் சீரிஸாக இரண்டாவது தெர்மோஸ்டாட். அதற்குத் தனிச் சென்சார், ஃபேன் உள்ள பெட்டியில் 38.5ல் மின்சாரத்தை அறுக்கும்படி. நாற்பது டிகிரியில் தானே அறுக்கும் பைமெட்டல் (ஈருலோகத் தகடு) சுவிட்ச் மலிவுதான், ஆனால் அது ஐந்து டிகிரி வரை முன்பின் போகும். தீயைத் தடுக்கும், கருவைக் காப்பாற்றாது.

மூடுபனிக் காலத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சென்சாரை. ஈரம் உள்ளே போனால் அதன் மின்தடை குறையும், போர்டு அதைக் கூடுதல் சூடு என்று படிக்கும்; திரையில் 37.5 இருக்க, முட்டை குளிர்ந்து கிடக்கும். 10 கிலோ ஓம் சென்சார் 37.5 டிகிரியில் 6 கிலோ ஓமுக்கு அருகில் காட்டணும். மல்டிமீட்டரில் பாருங்கள், விலகினால் மாற்றிவிடுங்கள். புதியதற்கு வயர் நுழையும் இடத்தில் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) ஏற்றுங்கள்.

சென்சார் முனை முட்டையின் மேல்மட்டத்தில், பல்பு வெளிச்சம் நேராகப் படாமல் தொங்கணும். ஃபேன் இல்லாத பெட்டியில் அதே மட்டத்தில் 38.3க்குக் குறையாமல் வையுங்கள்; ஃபேன் ஓடினால் 37.5 போதும். பதினெட்டாம் நாள் ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றும்போது தண்ணீர்த் தட்டைச் சென்சாருக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.