ஸ்மால் செல்: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

லாசுப்பேட்டை ஆசிரியர்:
வணக்கம். டிப்ளமோ மாணவர்களுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நெரிசலான இடங்களுக்கு ஸ்மால் செல் திட்டமிடும் பாடத்தில் சிக்கிக்கொண்டேன். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் போனில் சிக்னல் கோடு எல்லாம் முழுதாகத் தெரியும், ஆனால் ஒரு படம் அனுப்ப முடியாது. அலை வராததால் அல்ல. ஒரே டவரின் அலைவரிசையை அத்தனை பேரும் பங்கு போடுவதால். அதனால்தான் விளக்குக் கம்பம், கடை மாடி என்று தாழ்வான இடங்களில் குறைந்த திறனுள்ள நிலையங்களை வைத்து, அதே அலைவரிசையை மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ஸ்மால் செல். தமிழில் 'குறுங்கோபுரம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

திருப்பாதிரிப்புலியூர், தொலைத்தொடர்புப் பொறியாளர்:
கோபுரம் வேண்டாம் சார். செல் என்பது பெட்டியும் இல்லை, கம்பமும் இல்லை. அந்த அலை ஆளும் பரப்பு. எங்கள் தலைவலியெல்லாம் அந்தப் பரப்பின் ஓரத்தில்தான். டவரின் அலை வலுவானது என்பதால், பக்கத்திலேயே சின்னது இருந்தாலும் போன் டவரைத்தான் பிடிக்கும். சின்னதற்குச் சில டெசிபல் சலுகை கொடுத்து, அதாவது அதன் அலையை உள்ளதைவிட வலுவாகக் கணக்கிடும்படி போனுக்குச் சொல்லி, ஆட்களை இழுப்போம். கூடுதலாகக் கொடுத்தால் ஓரத்தில் இருப்பவர் டவரின் குறுக்கீட்டில் மாட்டுவார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவரை இதில் ஏற்றவே கூடாது. ஒன்றைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், அவர் டவரிலேயே இருக்கட்டும். நடக்கிறவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும்தான் ஸ்மால் செல். பரப்பைக் குறிக்கும் சொல்லாகப் பாருங்கள்.

நெல்லித்தோப்பு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நெட்வொர்க் வலை என்றால் செல் அந்த வலையின் கண். தேவனாம்பட்டினத்து மீனவரைக் கேளுங்கள், 'வலைக்கண்' என்பார். ஆகவே 'சிறுகண்'. சங்கப் புலவர்க்குப் பழகிய தொடர். யானை வரும் பல இடங்களில் 'சிறுகண் யானை'தான். மேலும், கண் ஏழாம் வேற்றுமை உருபு, இடப்பொருளில் வரும். பொறியாளர் கேட்ட பரப்பு உருபிலேயே அடங்கிவிட்டது.

மஞ்சக்குப்பம்:
ஐயா, சிறுகண் என்றால் பிள்ளைகள் கண் டாக்டரிடம் போவார்கள். 'செல்'லையே வைத்துக்கொள்ளலாமே? அதுவும் தமிழ்தான்: மேகம், இடி, கரையான். செல்லரித்த ஏடு என்கிறோம். மேகமும் அலையும் வானத்தில்தானே இருக்கின்றன?

நெல்லித்தோப்பு:
கரையானையும் கைபேசியையும் முடிச்சுப் போடாதீர்கள். ஒலி ஒன்றாக இருந்தால் உறவு ஆகிவிடாது.

முத்தியால்பேட்டை:
'சிற்றலைக்கூடு' எப்படி? ஈறு போய், தன்னொற்று இரட்டி, முறையாகப் புணர்ந்திருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர்:
புணர்ச்சி சரி, பொருள்தான் இடிக்கிறது. சிற்றலை என்றால் வானொலியில் ஷார்ட் வேவ். கொழும்பு நிலையம் தேடித் திருகிய தலைமுறை இன்னும் இருக்கிறது.

பாகூர்:
இலங்கைப் பாடநூல்களில் உயிரணு என்ற செல்லே 'கலம்'. நமக்கு மின்கலம் உண்டு. 'குறுங்கலம்' என்போம். ஸ்மால் செல்லின் அளவு வகைகளான மைக்ரோ, பிகோ, ஃபெம்டோவுக்கு நம் பழைய பின்னங்களான கீழ்வாயிலக்கம் இருக்கிறது: மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. மாக்கலம், காணிக்கலம், முந்திரிக்கலம்!

மஞ்சக்குப்பம்:
கடலூர் மாவட்டத்தில் முந்திரிக்கலம் என்றால் பண்ருட்டியில் கொட்டை எடுக்கும் பாத்திரம்.

திருப்பாதிரிப்புலியூர்:
பிகோ என்றால் லட்சம் கோடியில் ஒன்று. ஆனால் பிகோ செல் இருநூறு மீட்டர் வரை எட்டும், ஃபெம்டோ ஒரு வீட்டுக்குள் அடங்கும். அந்தப் பெயர்களில் கணக்கே இல்லை. எதற்கு நாம் பின்னம் தேடவேண்டும்? அப்படியே ஒலிபெயர்த்துவிடுங்கள்.

லாசுப்பேட்டை ஆசிரியர்:
இனி நேரம் இல்லை. குறுங்கலத்துக்குத்தான் ஆதரவு கொஞ்சம் கூடுதல். பாடத்தில் முதல் இடத்தில் 'ஸ்மால் செல் எனப்படும் குறுங்கலம்', பிறகு குறுங்கலம். மைக்ரோவும் மற்றவையும் ஒலிபெயர்ப்பாகவே.

நெல்லித்தோப்பு:
கலம் என்றால் பாத்திரம், நெல்லளவு, மரக்கலம். கடலூர் முதுநகர்ப் பையன் குறுங்கலத்தை ஃபைபர் படகு என்று நினைப்பான். என் மறுப்பு இருக்கட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்:
கையேட்டு வரைவை இப்போதுதான் பார்த்தேன். கம்பத்திலிருந்து மையத்துக்கு ஓடும் ஃபைபர் தொடுப்புக்கு, அதாவது பேக்ஹாலுக்கு, 'பின்னிணைப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல இடம் கிடைத்தும் அந்தத் தொடுப்பு இல்லாமல் பல குறுங்கலங்கள் நின்றுபோகின்றன, அதனால் மாணவர்கள் அதைக் கட்டாயம் தேடுவார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேடப்போகிறார்கள். மாற்றுங்கள் சார்.