மழைக்காலக் காய்ச்சல்: முதல் மூன்று நாள் கைமருந்து போதுமா?

குளக்கட்டு:
காலபோக விதைப்பு முடிந்து மழையும் பிடித்துவிட்டது. இனி வீட்டுக்கு வீடு தடிமன், இருமல், காய்ச்சல்தான். ஊர்ப் பார்மசியில் நிற்கிற சனத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. இரண்டு தும்மல் தும்மினால் நாலு வகைக் குளிசை வாங்குகிறார்கள். அவர்களின் வேலியில் நொச்சி நிற்கிறது, வளவின் மூலையில் ஆடாதோடை நிற்கிறது, கிணற்றடியில் கற்பூரவள்ளி படர்ந்து கிடக்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டு முறை இது. மல்லியை லேசாக வறுத்து, வேர்க்கொம்பைத் தட்டி, நற்சீரகமும் நாலு மிளகும் போட்டு, நாலு பேணித் தண்ணீரை ஒரு பேணியாக வற்ற அவித்து, பனங்கட்டியோடு குடிப்பது. இரவில் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது. தொண்டை நோவுக்கு உப்புத் தண்ணீர். வயிற்றோட்டத்துக்கு மாதுளம் ஓடு அவித்த தண்ணீர்.

என் நிலைப்பாடு: காய்ச்சலோ இருமலோ வயிற்றோட்டமோ, முதல் மூன்று நாள் கைமருந்து. நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

இரவுக்கடமை:
அண்ணை, நான் வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. மல்லிக் குடிநீரோடு எனக்குச் சண்டை இல்லை, கடமை முடிந்து வந்தால் நானும் குடிப்பேன். ஆனால் தடிமனையும் காய்ச்சலையும் ஒரே கூடையில் போட்டு, இரண்டுக்கும் மூன்று நாள் தவணை கொடுக்கிறீர்களே, அங்கேதான் பிரச்சினை.

டெங்கு எப்படிப் போகும் தெரியுமா? இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை அனல் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் நோ, உடம்பு முறிவு. பிறகு காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் "குடிநீர் கேட்டுவிட்டது" என்று நிம்மதியாகப் படுப்பார்கள். சில பேருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். வயிற்று நோ, விடாத சத்தி, கைகால் குளிர்வது, பிள்ளை சோர்ந்து கிடப்பது எல்லாம் பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்திலோ விட்ட பிறகோ வரும். மூன்றாம் நாள் இரத்தம் சோதியுங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் என்றால் மூன்றாம் நாள் வரைக்கும் நிற்கவே கூடாது.

இன்னொன்று எலிக்காய்ச்சல். வயல் சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் அதை நினைக்க வேண்டும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஆட்கள் செத்தார்கள், பிறகு அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. நேரத்துக்குத் தொடங்கினால் சாதாரண அன்டிபயோட்டிக்கே கேட்கும் நோய். பிந்தினால் சிறுநீரகம், நுரையீரல் எல்லாம் பிடிக்கும்.

முறிகண்டிக் கச்சான்:
தங்கச்சி சொல்வது பயமுறுத்தல் மாதிரி இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் மருந்து எந்த அளவுக்கு வந்தது என்று எங்கள் வயதுக்காரரைக் கேளுங்கள். பனடோல் அட்டையைத் தங்கம் மாதிரி வைத்திருந்தோம். புண்ணுக்கு மஞ்சளும் வேப்பம் இலையும், இருமலுக்கு ஆடாதோடை, நாரி நோவுக்கு நொச்சி ஒத்தடம். இந்தச் சனம் அதில்தான் தப்பியது. 2022இலும் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததே, அப்போது என்ன செய்தோம்? வளவைத்தான் பார்த்தோம்.

இரவுக்கடமை:
தப்பியவர்கள்தான் இங்கே எழுதுகிறோம் அண்ணை. அந்தத் தடைக்காலத்தில் வன்னியில் மலேரியா எத்தனை வீட்டில் விளக்கை அணைத்தது என்றும் உங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். அப்போது குடிநீர் அவிக்காமலா விட்டார்கள்? 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. மருந்து தெளிப்பு, நுளம்பு வலை, வீடு வீடாக இரத்தம் எடுத்துப் பார்த்தது, உரிய குளிசையை முழுதாகக் கொடுத்தது, இவற்றால் வந்த பலன் அது. வேறு வழி இல்லாதபோது செய்ததை, வழி இருக்கும்போதும் முதல் மருந்து என்று பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு விளங்கவில்லை.

குளக்கட்டு:
மலேரியாக் குளிசைக்கே மூலம் செடிதானே? குயினைன் ஒரு மரப்பட்டை. இப்போது பாவிக்கிற ஆர்ட்டிமிசினின் சீனாவின் ஒரு புல்லுப்பூண்டு. அதைக் கண்டெடுத்த தூ யூயூ என்ற அம்மாவுக்கு 2015இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நீங்கள் இருமலுக்குக் கொடுக்கிற புரோம்ஹெக்ஸின் எங்கள் ஆடாதோடையில் உள்ள சத்தை வைத்து உண்டாக்கியது. எங்கள் செடியைத்தான் பெட்டியில் போட்டு எங்களுக்கே விற்கிறார்கள். பனடோல் மட்டும் என்ன அமிர்தமா? கூடினால் ஈரலைத் தின்னும்.

இரவுக்கடமை:
தின்னும், மறுக்கவில்லை. பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் கூடாது என்று அட்டையிலேயே இருக்கிறது. உங்கள் ஆடாதோடை இலையில் எத்தனை இலைக்கு மேல் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

வேர்க்கொம்பு:
இடையில் வருகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படித்து, இப்போது ஒரு சித்த மருந்தகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு பக்கமும் எங்கள் துறையின் பெயரை இழுப்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

குளக்கட்டு அண்ணை, ஆடாதோடைக்கு அளவு இருக்கிறது, பத்தியம் இருக்கிறது, கொடுக்கக் கூடாத ஆட்களும் இருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு அதைக் கொடுப்பதில்லை, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். நிலவேம்பும் அப்படித்தான், கர்ப்பிணிக்கு வேண்டாம். நாங்கள் நாடி பார்த்து, நோயைப் பிரித்து, அதன் பிறகுதான் மருந்து சொல்கிறோம். "காய்ச்சலா, இதை அவி" என்று சொல்வது சித்தம் இல்லை.

தாதித் தங்கச்சிக்கும் ஒன்று. எங்களிடம் வருகிறவரைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைக்கு நானும் எழுதி அனுப்புகிறேன். அனுப்பினால் உங்கள் பக்கத்தில் சில பேர் "இவ்வளவு நாளும் அந்தக் கசாயத்தையா குடித்தாய்" என்று நோயாளியை ஏசுகிறார்கள். அடுத்த முறை அவர் குடித்ததை உங்களிடம் சொல்லவே மாட்டார். அதுதான் பெரிய ஆபத்து.

இரவுக்கடமை:
அது நடக்கிறதுதான் டொக்டர். என் வாட்டில் நான் விடுவதில்லை.

நெடுங்கேணிப் பாலை:
எல்லோரும் காய்ச்சலிலேயே நிற்கிறீர்கள். நான் சிறுநீரகத்துக்கு வருகிறேன். வவுனியா, செட்டிகுளம், வெலிஓயாப் பக்கம் வயல்காரருக்கு வருகிற சிறுநீரக நோய் தெரியும்தானே. என் மாமாவுக்கும் அதுதான். கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள். அதோடு ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் காமரங்காய்ச் சாறு சீனி வருத்தத்துக்கும் நல்லது, சிறுநீரகத்தையும் கழுவும் என்றார். கிளினிக்கில் இதைச் சொன்னதும் டொக்டர் எழுந்தே விட்டார். காமரங்காயில் ஒக்சலேட் என்ற உப்பு அதிகம், சிறுநீரகம் பழுதான ஆளுக்கு அது நஞ்சு, நல்ல சிறுநீரகம் உள்ளவர்களே வெறும் வயிற்றில் நிறையக் குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள் என்றார். இளநீரைக்கூட நிறுத்தச் சொன்னார்கள், பொட்டாசியம் ஏறுமாம். இயற்கையானது, பக்க விளைவு இல்லை என்று எழுதுகிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வேர்க்கொம்பு:
மாமாவின் டொக்டர் சொன்னது சரி. இதில் நான் ஒன்று கூட்டிச் சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. ஆடுதீண்டாப்பாளை, ஈச்சுரமூலி என்று வயல் வரம்பிலும் காட்டோரத்திலும் நிற்கிற செடிகளை விசக்கடிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் பழைய பரியாரிமார் பாவித்தார்கள். அவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தை மெல்ல மெல்லச் சுருக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரப்பண்ணும். பெல்ஜியத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உடம்பு மெலிய என்று கொடுத்த குளிசையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பச் செடி மாறிச் சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் போனது. படித்தவர்கள் பொதி செய்த மருந்திலேயே அப்படி மாறியது. நீங்கள் யாரோ பிடுங்கித் தந்த காய்ந்த வேரை என்ன என்று கண்டுபிடிப்பீர்கள்? வேர் காய்ந்தால் எனக்கே சந்தேகம் வரும்.

குளக்கட்டு:
நான் மல்லியைப் பற்றி எழுதினேன், நீங்கள் ஆடுதீண்டாப்பாளைக்குப் போய்விட்டீர்கள். கறிச்சட்டியில் போடுகிற சரக்கும் காட்டு வேரும் ஒன்றா?

வேர்க்கொம்பு:
இல்லை. அந்தக் கோட்டை நீங்களே முதல் பதிவில் போட்டிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன்.

ஸ்காபரோப் பனி:
கனடாவிலிருந்து வாசிக்கிறேன். டெங்குவுக்குப் பப்பாசி இலைச் சாறு பற்றி ஒருவரும் எழுதவில்லையே? இங்கே வாட்ஸ்அப் முழுக்க அதுதான். செங்கமாரிக்கு, அதுதான் மஞ்சள் காமாலைக்கு, கீழ்க்காய்நெல்லியும் நூற்றுக்கு நூறு என்கிறார்கள்.

இரவுக்கடமை:
பப்பாசி இலை கொடுத்தால் இரத்தத் தட்டுக்கள் கொஞ்சம் வேகமாக ஏறுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டெங்குவில் ஆட்கள் சாவது பெரும்பாலும் நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுவதால். தட்டுக்கள் ஏறியது என்று வீட்டில் வைத்திருந்தால் கசிவை யார் பார்ப்பது? எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சலம் போனது என்று எழுதி வைத்தாலே பெரிய உதவி. இன்னொன்று, உடம்பு நோவுக்கு புருபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் போட வேண்டாம், இரத்தக் கசிவு கூடும். டெங்குக் காய்ச்சலில் பனடோல் மட்டும்.

வேர்க்கொம்பு:
கீழ்க்காய்நெல்லிக்கு நான். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அது மஞ்சள் காமாலை பி வைரசைக் குறைக்கிறது என்று எழுதி உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஊரில் அது கேட்பதாகத் தெரிவதற்குக் காரணம், செங்கமாரியில் பெரும்பகுதி ஏ வகை, அது தானாகவே மாறும். ஆனால் எலிக்காய்ச்சல் முற்றினாலும் கண் மஞ்சளாகும். பித்தக்கல் அடைத்தாலும் ஆகும். அந்த ஆளுக்குக் கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கொடுத்துக்கொண்டு இருந்தால் நாள்தான் போகும்.

முறிகண்டிக் கச்சான்:
கொரோனா நேரம் கேகாலையில் ஒரு பாணிக்குச் சனம் அள்ளுப்பட்டுப் போனதே, அதையும் சொல்லுங்கோவன். சுகாதார அமைச்சரே வாங்கிக் குடித்தார், 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்தது. அதற்காக நாங்கள் மல்லி குடிப்பதை விட வேண்டுமா என்ன.

நெடுங்கேணிப் பாலை:
கச்சான் அண்ணை எந்தப் பக்கம் என்றே விளங்கவில்லை.

குளக்கட்டு:
சரி, நான் இப்படிக் கேட்கிறேன். எங்கள் ஊரிலிருந்து காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒன்று. இரத்தம் சோதிக்கப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸைத் தவறவிட்டால் ஓட்டோவுக்கும் கொடுக்க வேண்டும். அங்கே போனால் வரிசை, பிறகு "நாளைக்கு வாங்கோ". இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் சனம் மூன்று நாள் பொறுக்கிறது, அறிவில்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதுவது லேசு.

இரவுக்கடமை:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, பஸ் நான் விடுவதில்லை. ஆனால் போகாமலே செய்யக்கூடியது இருக்கிறது. வயலில் இறங்கும் முன் எலிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்ளின் குளிசை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இலவசமாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று நாளில் ஒரே ஒரு முறைதான் பஸ் ஏற முடியும் என்றால் மூன்றாம் நாள் ஏறுங்கள். விடாத சத்தி, வயிற்று நோ, இரத்தம், மூச்சு இழுப்பு, சலம் குறைவது இருந்தால் நாள் எண்ண வேண்டாம், அன்றைக்கே வாருங்கள்.

வயிற்றோட்டத்துக்கு மாதுளம் ஓடு அவிக்கிற நேரத்தில் ஜீவனி என்ற உப்பு-சீனித் தூள் ஒரு பக்கெட்டைத் தண்ணீரில் கரையுங்கள். அதுவும் இல்லையா, ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணியும் நல்லது. இதுவும் கைமருந்துதான் அண்ணை, எனக்குப் பிடித்த கைமருந்து.

ஸ்காபரோப் பனி:
என் தங்கச்சி கிளிநொச்சியில் இருக்கிறாள், பிள்ளைக்கு எட்டு மாதம், இருமல். கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் விட்டுக் கொடுக்கலாமா என்று கேட்கிறாள்.

வேர்க்கொம்பு:
தேன் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் நல்லது, இங்கிலாந்து வைத்தியர்களின் வழிகாட்டலே அப்படிச் சொல்கிறது. மூக்கில் நெஞ்சில் கற்பூர எண்ணெய் பூசுவதும் இந்த வயதில் வேண்டாம். தாய்ப்பாலைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இரவுக்கடமை:
மூச்சு எடுக்கும்போது விலா உள்ளே இழுக்கிறதா, பால் குடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இழுத்தால் இன்றைக்கே கொண்டு போகட்டும்.

குளக்கட்டு:
சரி, வயலில் நின்ற ஆளுக்கும் சின்னப் பிள்ளைக்கும் என் மூன்று நாள் கணக்கு வேண்டாம் என்று வைப்போம். மற்றவருக்கு நான் மாற்றமாட்டேன். ஆனால் தங்கச்சி, இவ்வளவு எழுதினீர்கள், வெறும் தடிமனுக்கு அன்டிபயோட்டிக்கும் ஒரு ஊசியும் போட்டுக் காசு வாங்குகிற தனியார் கிளினிக்குகளைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?

இரவுக்கடமை:
அதற்குத் தனி இழை திறவுங்கள் அண்ணை. முதல் பதிவை நானே போடுகிறேன்.